வளர்ப்புப் பல்லிக்குப் பூச்சி உணவு: கவனிக்க வேண்டியவை

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் புள்ளிப் பல்லியை வீட்டில் வளர்ப்போர் மலேசியாவில் உண்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட பகுதிகளைச் சேர்ந்த இப்பல்லி, நன்கு பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பழமோ காய்கறியோ இது தின்னாது. பூச்சிதான் இதற்கு உணவு. எனவே பூச்சி எதைத் தின்றதோ, அதுவும் சேர்ந்தே பல்லியின் வயிற்றுக்குள் போகிறது.

(சிங்கப்பூரில் பல்லி இனங்களைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. தீபகற்ப மலேசியாவில் வாங்குவதற்கு முன் உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எந்தப் பூச்சி?

பறவைக் கடைகளில் ‘செங்கெரிக்’ என்று கேட்டால் கிடைக்கும் சில்வண்டும், மீல்வர்ம் புழுவும் அன்றாட உணவுக்கு ஏற்றவை. மெழுகுப் புழுவில் கொழுப்பு அதிகம். எப்போதாவது ஒன்றிரண்டு போதும். பல்லியின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுத்தால் குடல் அடைத்துக்கொள்ளலாம்.

வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம்

செம்பனைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்திகளிலும் மருந்து அடிப்பது வழக்கம். அங்கே பிடித்த வெட்டுக்கிளியின் உடலில் அந்த மருந்து இருக்கலாம். வீட்டுக் கரப்பான் பூச்சியும் விஷ மருந்தைத் தின்றிருக்கலாம். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில இன மின்மினிகளின் நச்சு, ஒன்றைத் தின்றாலே ஓணான், பல்லி போன்றவற்றைக் கொல்லக்கூடியது.

முதலில் பூச்சிக்குச் சாப்பாடு

கடையிலிருந்து வாங்கி வந்த பூச்சி பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் இருக்கும். பல்லிக்குக் கொடுப்பதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம் அதற்கு கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சாவி கீரை ஆகியவற்றைக் கொடுங்கள்.

சுண்ணாம்புச் சத்து

சில்வண்டிலும் மீல்வர்மிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பூச்சியை அப்படியே கொடுத்துவந்தால், வயிறு நிறைந்தாலும் எலும்பு பலம் இழக்கும். கால் வளைவது, தாடை மென்மையாவது, உடல் நடுங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். வளைந்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். பூச்சியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கால்சியம் தூள் சிறிது சேர்த்துக் குலுக்கிய பிறகு கொடுங்கள். வைட்டமின் டி3 கலந்த தூள் அளவு மிஞ்சினாலும் கெடுதல்; எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது, எவ்வளவு?

குட்டிக்குத் தினமும், வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இது அந்தி வேளையில் நடமாடும் பிராணி. ஆகவே மாலையில் கொடுங்கள். சுமார் 15 நிமிடத்தில் தின்னாத பூச்சிகளை எடுத்துவிடுங்கள். இரவில் கூண்டில் விட்ட சில்வண்டு, தூங்கும் பல்லியையே கடித்துப் புண்ணாக்கும்.

தின்றது செரிக்கச் சூடு வேண்டும். கூண்டின் ஒரு பக்கத் தரை 32 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும். மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஏர்கோன் அறையில் வைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டாரின் பாதுகாப்பு

பல்லியின் உடலிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அதன் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

இப்பல்லி கொழுப்பைச் சேமித்து வைப்பது வாலில்தான். வால் பருத்திருந்தால் நல்ல அறிகுறி. நாளுக்கு நாள் மெலிந்தால் தாமதிக்காமல் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.