மணிக் கம்பி சொல்லும் சரித்திரம்

கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தை அடுத்து, 2014இல் தேசியப் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் நாம் பழைய எஞ்சின்களின் முன்னேதான் நெடுநேரம் நிற்கிறோம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஏறிய கதையை அவையே சொல்லிவிடும் என்று எண்ணுகிறோம். ஆனால், நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் அம்மலையின் ஒற்றைப் பாதையில், எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் நீண்ட காலம் காத்தவை வேறு. ஒரு நிலையத்தில் தட்ட அடுத்த நிலையத்தில் ஒலிக்கும் மணி ஒன்று. ஒரு வேளையில் ஒரேயொரு 'டப்லட்'டை மட்டும் சாரதிக்கென வெளிவிடும் பெட்டி மற்றொன்று. எட்வர்ட் டயர் என்பார் 1878இல் உருவாக்கிய இம்முறை, மின்கலங்களின் சிறு மின்னோட்டத்தால் இயங்கியது.

உயிர்காத்த இத்தகைய மணி, வேறோரிடத்தில் உயிர்குடித்ததோ என்ற ஐயமும் சரித்திரத்தில் உண்டு. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலும் மின்கல மணிகள் இருந்தன. காவலியற்ற இரு கம்பிகளை ஒன்றோடொன்று தொடுத்துத் தொழிலாளர் சமிக்ஞை செய்தனர். அழுத்தம் சிறிது, ஆகவே அபாயமில்லை என்று கருதப்பட்டது. 1913 ஒக்டோபர் 14ஆந் திகதி, தெற்கு வேல்சின் செங்கெனித் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர் மாண்டனர். விசாரணை காரணத்தை அறுதியிடவில்லை. மணிக் கம்பியின் பொறியும் ஐயத்துக்குள்ளானது. சுரங்கச் சட்டத்தை மீறியமைக்காக முகாமையாளர் செலுத்திய குற்றப்பணம் 24 பவுண். வகுத்துப் பார்த்தால், ஓர் உயிருக்கு ஒரு சிலிங்குக்குச் சற்று மேல்!

பின்னர் வீலர், தோர்ன்டன் ஆகியோரின் ஆய்வுகள் உண்மையைத் துலக்கின. மணியின் சுருளில் சேரும் சக்தி, தொடுகை விலகும் கணத்தில் பொறியாய்ச் சிதறும். சுரங்க வாயுவை மூட்ட அதுவே போதும். அழுத்தம் குறைவென்பது மட்டும் காவலாகாது என்பது தெளிவாயிற்று.

மின்னதிர்ச்சியைப் பற்றிய இன்றைய சர்வதேச விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன. ஆடலோட்டத்தில் 50 வோல்ற்று, நேரோட்டத்தில் 120 வோல்ற்று என்பன மிகக்குறை அழுத்தத்தின் எல்லைகள். எனினும், அவ்வெல்லைக்குட்பட்ட சுற்றுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. உயர் அழுத்தச் சுற்றிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டு, புவியோடும் தொடுக்கப்படாதது எஸ்.ஈ.எல்.வி. அவ்வாறே பிரிக்கப்பட்டும் புவியோடு தொடுக்கப்படக்கூடியது பீ.ஈ.எல்.வி. கருவியின் தேவைக்காகவே அழுத்தம் குறைக்கப்பட்டு, நம்பத்தக்க பிரிப்பு இல்லாதது எவ்.ஈ.எல்.வி. கடைசி வகையில் எண் சிறிதேயாயினும், பிரதான மின்சுற்றுக்குரிய பாதுகாப்பு முழுவதும் அதற்கும் வேண்டும்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய செய்தியா? அன்று, நம் மாணவனின் கையிலுள்ள தொலைபேசி மின்னேற்றியைப் பாருங்கள். ஒருபுறம் 230 வோல்ற்று. மறுபுறம் 5 வோல்ற்று. இடையே நிற்பது காவலிப் பொருள் மட்டுமே. இலாபத்துக்காக அதைக் குறைத்துச் செய்த மலிவான சாதனத்தின் மேலும் '5 வோல்ற்று' என்றே பொறித்திருக்கும். காவலி பழுதுபட்டால், ஏழைச் சிறுவனின் விரலைத் தீண்டுவது மறுபுறத்து 230 வோல்ற்றே.

ஆகவே, வகுப்பறையில் எண்ணை மட்டும் கற்பித்து நின்றுவிடலாகாது. அச்சிறு மின்னோட்டத்துக்கும் பெரிய மின்னோட்டத்துக்கும் நடுவே தடுப்பு உண்டா, அதை உறுதிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று கேட்கவும் மாணவரைப் பழக்குவோம்.