கெர்னலுக்குள் வந்துபோன காணா ஒளி

தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் ரிமோட் உங்கள் வீட்டில் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அதன் முனையைக் கைப்பேசியின் கேமராவுக்கு நேராக நீட்டி, ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசித் திரையிலோ, ரிமோட்டின் முனையிலுள்ள சிறு குமிழ் ஊதா கலந்த வெண்மையாக மினுக்குவதைக் காண்பீர்கள். பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் முயலுங்கள். சில கேமராக்களில் இக்கதிரைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. நம் கண்ணுக்குப் புலனாகாத இவ்வொளியே அகச்சிவப்புக் கதிர்.

இந்த ஒளியைக் கணிப்பொறிக்குப் புரியவைக்க ஒரு தலைமுறை மனிதர் பெரும்பாடு பட்டனர். பட்ட பாடெல்லாம் பலித்துச் சில ஆண்டுகள் கழிந்ததும், எழுதியவற்றில் பெரும்பகுதியை அவர்களின் வழிவந்தோரே அழித்தும் விட்டனர். ஏன் எழுதினார்கள்? ஏன் அழித்தார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

வெப்பமானி கண்ட ஒளி

1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் எளிய சோதனை செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, பிரிந்து விழுந்த ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் கூடியது. சிவப்பையும் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது பாதரசம் இன்னும் மேலே ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர் அங்கே விழுந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார்.

இக்கதிர் வீட்டுக்குள் வேலைக்கு வர ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1955இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கும் கருவியை விற்றது. பெட்டியின் மேல் வெயில் விழுந்தாலும் அது தானாக இயங்கிவிடும் என்பது அதன் குறை. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் செவிக்கு எட்டாத ஒலியலைகளுக்கு மாறியது. பிறகு மலிவான ஒளியுமிழ் டயோடுகள் பெருகவே, 1980களில் ரிமோட்டுகளில் அகச்சிவப்புக் கதிர் நிலைபெற்றது.

கம்பியை ஒழிக்கும் ஆசை

1990களின் தொடக்கத்தில் மடிக்கணினிகள் பரவின. கணினியை மடியில் தூக்கிச் செல்லலாம். ஆனால் அச்சுப்பொறியுடன் இணைக்கக் கம்பி வேண்டும். கம்பியின் முனை பொருந்த வேண்டும், ஊசிகள் வளையாதிருக்க வேண்டும். ‘ரிமோட்டைப் போல் ஒளியாலேயே பேசிக்கொள்ளலாமே’ என்ற எண்ணம் பலருக்கும் எழுந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையைக் கையாண்டால், ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு எப்படிப் பேசும்? எனவே 1993இல் பல நிறுவனங்கள் கூடி ‘ஐ.ஆர்.டி.ஏ.’ எனப்படும் அகச்சிவப்புத் தரவுச் சங்கத்தை நிறுவின. 1994இல் முதல் பொதுவிதி வெளிவந்தது.

அவ்விதி மிகச் சிக்கனமானது. கணினியின் மொழி சுழியும் ஒன்றும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சுழி என்றால் ஒளி ஒருமுறை மின்னும். ஒன்று என்றால் மின்னாது. அந்த மின்னலும் ஒரு பிட்டுக்குரிய நேரம் முழுவதும் நீடிப்பதில்லை; அதில் 16இல் 3 பங்கு மட்டுமே. இதனால் மின்கலம் மிச்சமாகும். இரு கருவிகளும் முதலில் வினாடிக்கு 9,600 பிட் என்ற மெதுவான வேகத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். பிறகு இரண்டாலும் முடிந்த வேகத்துக்கு, 1,15,200 பிட் வரை, ஏறும். பின்னர் வினாடிக்கு 40 லட்சம் பிட் அனுப்பும் விரைவு முறையும் வந்தது. தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒன்றன் முகத்தை மற்றொன்று பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். ஒரு கருவி ஒளி வீசும்போது அதன் சொந்த ஒளியே அதன் உணரியைக் கூசச் செய்துவிடும். ஆகவே ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் இயலாது. ஒன்று பேசி முடித்து, அதன் சொந்த உணரி தெளிய ஒரு கணம் விட்டு, அதன் பிறகே மற்றது பேச வேண்டும். இந்த இடைவெளியைச் சரியாகக் காப்பது எதன் பொறுப்பு? அங்கேதான் நம் கதையின் நாயகன் வருகிறான்.

கெர்னலும் டிரைவரும்

கெர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். கணிப்பொறியை இயக்கும் முறைமையின் உட்பருப்பு அது. நினைவகத்தைப் பங்கிடுவது, ஆணைத்தொடர்களுக்கு முறை வைத்து நேரம் ஒதுக்குவது எல்லாம் அதன் வேலை. உலகில் ஆயிரக்கணக்கான சாதனங்கள் உண்டு. ஒவ்வொன்றின் குணமும் வேறு. யானைக்குப் பாகன் போல, ஒவ்வொரு சாதனத்தின் குணத்தையும் அறிந்து அதை வேலை வாங்கும் ஆணைத்தொடர் ஒன்று கெர்னலுக்குள் இருக்கும். அதற்கே டிரைவர், அதாவது இயக்கி, என்று பெயர்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கெர்னலை எழுதி, எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தார். அண்டை நாடான நார்வேயின் டிராம்சோ பல்கலைக்கழகத்திலிருந்து டாக் பிராட்லி என்பவர் முன்னின்று, பலரின் துணையோடு லினக்ஸுக்கு அகச்சிவப்புத் தொடர்பை எழுதினார். 1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2 பதிப்பில் அது இடம்பெற்றது.

கேள்விக்குமேல் கேள்வி

இனி நீங்கள் அக்காலத்தில் ஒரு மடிக்கணினி வைத்திருந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அடர்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சன்னல் இருக்கிறது. அதுதான் அகச்சிவப்புக் கண். அதை உயிர்ப்பிக்க வேண்டும். எப்படி?

முதலில் கெர்னலை உங்கள் பொறிக்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நீண்ட வினாத்தாள். பல வினாக்களுக்கு மூன்று விடைகள்: ‘சேர்’, ‘வேண்டாம்’, ‘தனித் தொகுதியாக வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்கிறேன்’. அகச்சிவப்பு வேண்டுமா? அச்சுப்பொறிக்கா, வலையிணைப்புக்கா, தொடர் வாயிலைப் போல் நடிக்கவா? மெதுவான முறையா, விரைவு முறையா? உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் சில்லு?

கடைசிக் கேள்வியில்தான் பலர் திகைத்தனர். சில்லின் பெயர் மடிக்கணினியின் உறைமேல் எழுதப்பட்டிருப்பதில்லை. சில்லைத் தேடிச் சொல்லும் சிறு ஆணைத்தொடர் ஒன்று இருந்தது. அது சொன்னால் நலம். சில்லு தெரிந்தாலும் போதாது. அது அமர்ந்திருக்கும் முகவரி என்ன? அது கெர்னலை அழைக்கும் இடைமறிப்பு எண் என்ன? விரைவு முறையாயின், தரவை நினைவகத்தில் நேரே கொட்டும் வழியின் எண் என்ன? ஒளியை அனுப்பும் கண்ணின் வகை எது? அந்த வகைக்கும் ஓர் எண் உண்டு. அதைத் தவறாகக் கொடுத்தால் எல்லாம் சரியாக இருந்தும் கண் விழிக்காது.

இதையெல்லாம் சரியாக எழுதிய பிறகும் இயக்கி ‘இடம் காலியாக இல்லை’ என்று திரும்பிவிடும்! காரணம் வேடிக்கையானது. விரைவுச் சில்லு, பழைய ஆணைத்தொடர்களுக்காகத் தன்னை ஒரு சாதாரணத் தொடர் வாயிலாகவும் காட்டிக்கொள்ளும். பதினாறடிமான எண்முறையில் 2எஃப்8 என்ற முகவரியும் 3 என்ற இடைமறிப்பு எண்ணும் இரண்டாம் தொடர் வாயிலுக்குரியவை. கணினி விழித்தெழும்போதே தொடர் வாயிலின் இயக்கி அங்கே வந்து, ‘இது என் வாயில்’ என்று உரிமை கொண்டாடிவிடும். பின்னால் வரும் அகச்சிவப்பு இயக்கிக்கு இடம் ஏது? எனவே நீங்கள் தொடர் வாயிலின் இயக்கியிடம், ‘அங்கே சில்லு எதுவுமே இல்லை’ என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். அது விலகிக்கொண்டதும் அகச்சிவப்பு இயக்கியை ஏற்ற வேண்டும்.

இத்தனை தொல்லை ஏன்? சாதனம் தன்னைப் பற்றித் தானே அறிவிக்கும் வழக்கம் அப்போது முழுமையாகப் பரவவில்லை. பொறி சொல்லாததை மனிதன் சொல்ல வேண்டியிருந்தது. 2000களின் பிற்பாதியில் சில இயக்கிகள் இவ்விவரங்களைப் பொறியிடமே கேட்டறியக் கற்றுக்கொண்டன. அதற்குள் மடிக்கணினிகளிலிருந்து அந்தச் சிவப்புச் சன்னலே மறையத் தொடங்கியிருந்தது. சுவரையும் துளைத்துச் செல்லும் வானொலி அலைகளைக் கொண்ட புளூடூத்தும் வைஃபையும் வந்துவிட்டன. முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

வாசலில் நின்ற எளியவன்

இங்கே ஒரு முரணைக் காணுங்கள். கணினிகளின் உரையாடலுக்கான இயக்கி கெர்னலுக்குள் கௌரவமாக வீற்றிருந்த காலத்தில், வீட்டு ரிமோட்டைக் கணினிக்குப் புரியவைக்கும் ‘லிர்க்’ என்ற திட்டம் பத்தாண்டுக்கும் மேலாகக் கெர்னலின் வாசலுக்கு வெளியே நின்றது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ரிமோட்டின் மொழி வேறு. பரவலான என்.இ.சி. முறையில் ஒளி வினாடிக்கு 38,000 முறை துடிக்கும். அறையிலுள்ள மற்ற ஒளிகளிலிருந்து பிரித்தறிய இந்தத் துடிப்பு உதவும். முதலில் 9 மில்லிவினாடி ஒளி, பிறகு 4.5 மில்லிவினாடி மௌனம். ‘கவனி’ என்று பொருள். அடுத்து 32 பிட்டுகள். ஒளிக்குப்பின் வரும் மௌனம் குறுகியதாயின் சுழி, நீண்டதாயின் ஒன்று. பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஆர்.சி.5 முறையிலோ 14 பிட்டுகளே. இவ்வாறு பல மொழிகள்!

2010 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.36 பதிப்பில் லிர்க் கெர்னலுக்குள் இடம் பெற்றது. ரிமோட்டின் மொழிகளைப் பிரித்தறியும் பொதுப் பகுதியும் உள்ளே அமைந்தது. எந்தக் குறி எந்தப் பொத்தானுக்குரியது என்பது தனி அட்டவணையாயிற்று. புதிய ரிமோட் வந்தால் அட்டவணையை மாற்றினால் போதும். இயக்கியைத் தொட வேண்டியதில்லை.

விடைபெற்ற வரிகள்

ஐ.ஆர்.டி.ஏ. இயக்கிகளின் கதையோ வேறுவிதமாக முடிந்தது. அவற்றைச் சோதிக்கச் சாதனம் வைத்திருப்போர் குறைந்தனர், பேணுவோரும் குறைந்தனர். ‘பயன்படாவிட்டால் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று நீங்கள் கேட்கலாம். அது அப்படியன்று. கெர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் பொறியின் முழு அதிகாரத்தோடு இயங்குவது. ஆளரவமற்ற அறையின் கதவைத் திறந்துவைத்தால் திருடனுக்கு வசதிதானே? 2017, 2018ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் பிழைகள் வெளிப்பட்டன. 2017 நவம்பரில் வந்த 4.14 பதிப்பில் இவ்வரிகள் ஓர் ஒதுக்குப்புறத்துக்கு மாற்றப்பட்டன. 2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டன.

இதனால் எவருக்கும் இழப்பில்லையா? உண்டு. கடலில் மூழ்கி நீந்துவோர் கையில் கட்டும் ஆழ்மானிக் கணினிகளில் சில, தம் குறிப்புகளை அகச்சிவப்பின் வழியே மட்டும் தருபவை. லினக்ஸைப் படைத்த டோர்வால்ட்ஸே ஒரு மூழ்குநர். அத்தகைய குறிப்புகளைச் சேமிக்க 2011இல் ‘சப்சர்ஃபேஸ்’ என்ற ஆணைத்தொடரைத் தொடங்கியவர். அதைப் பயன்படுத்திய சிலரின் கருவிகள், கெர்னலைப் புதுப்பித்ததும் ஊமையாயின. நல்ல நிலையில் உள்ள கருவி. பேசுவதைக் கேட்கத்தான் ஆளில்லை! ஆயினும் வரிகள் பொதுவில் இருந்ததால், வேண்டியவர்கள் அவற்றை எடுத்துக் கெர்னலுக்கு வெளியே வைத்துப் பேண முடிந்தது. இருபது ஆண்டுகளுக்குமுன் லிர்க் நின்ற அதே வாசலில், இப்போது ஐ.ஆர்.டி.ஏ. நிற்கிறது.

வாசகரே, ஒரு கருவி பழுதாகாமலே இறந்துபோகக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதன் மொழியை அறிந்தவர் இல்லாமற்போகும்போது அது இறக்கிறது. அம்மொழி எவரும் படிக்கும்படி எழுதிவைக்கப்பட்டிருந்தாலோ, மீண்டும் எழுப்ப வழியுண்டு. அடுத்தமுறை பழைய கருவி ஒன்றை மூலையில் போடுமுன், அது பேசும் மொழி எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.