கோடைக்கானல்: காண வருவோரும் வாழ்வோரும்

ஓர் ஊரைப்பற்றிப் பேசும்பொழுது இரண்டு வினாக்கள் எழுவதுண்டு. அங்கே சென்று காணத்தக்கது என்ன என்பது ஒன்று. அங்கே குடியேறி வாழ இயலுமா என்பது மற்றொன்று. நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் முதலிய அமெரிக்கப் பெருநகரங்களைப்பற்றி எழுதுவோர் இவ்விரு வினாக்களையும் விடாமல் எழுப்புவர். வானளாவிய மாடங்களைக் கண்டு மகிழ ஒரு வாரம் போதும். அவற்றின் நிழலில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து ஆண்டுக்கணக்கில் வாழ்வது வேறு செய்தி. இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் அமெரிக்கா வரை போகவேண்டுவதில்லை. அமெரிக்கர் சிலர் நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஊரைத் தோற்றுவித்துள்ளனர். பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த கோடைக்கானலே அவ்வூர்.

தோற்றுவித்தனர் என்னும் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும். வெள்ளையர் வருமுன் இம்மலை ஆளற்ற காடாகக் கிடந்ததென்று எண்ணிவிடலாகாது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்டது இம்மலைச் சாரலையே. கோடை மலைத் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவன் என்பானைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. அவற்றினும் பழைய சான்று கல்லில் உள்ளது. மலைச் சரிவுகளில் ஆங்காங்கே காணப்படும் கற்பதுக்கைகளைச் செண்பகனூர்ச் சேசு சபைத் துறவியார் அங்லாடு என்பவர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி தொல்பொருள் துறை வெளியீடாக 1928இல் வந்தது. பளியர் தேனும் கிழங்கும் எடுத்துக் காட்டில் வாழ்ந்தனர். சமவெளியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்குமுன் மேலேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குன்னுவர் பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் படிப்படியாக நிலம் திருத்திப் பயிரிட்டனர். 1821இல் அளவைப் பணிக்காக இம்மலை ஏறிய லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேயர் வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாகவே வந்தார். ஊர் இருந்தது, ஊருக்கு வழியும் இருந்தது. அவர் அதனை வரைபடத்தில் ஏற்றினார், அவ்வளவே.

இனி அமெரிக்கர் கதைக்கு வருவோம். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக்கொண்ட ஒரு கிறித்தவச் சங்கம் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தது. அங்கிருந்து 1834இல் அதன் ஊழியர் சிலர் மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனை நிறுவினர். பனி பொழியும் நாட்டில் பிறந்தவர்களுக்கு மதுரை வெயில் தாங்கவில்லை. வெயிலாவது வருத்தத்தான் செய்யும்; வாந்திபேதியும் காய்ச்சலும் உயிரையே கொண்டுபோயின. சில ஆண்டுகளுக்குள் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலரை அவர்கள் புதைக்க நேர்ந்தது. குளிர்ந்த இடம் ஒன்று தேடவேண்டும், இல்லையேல் பணியை மூட்டைகட்ட வேண்டும் என்னும் நிலை வந்தது.

முதலில் அவர்கள் நாடியது திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலை. அங்கே வீடும் கட்டினர். ஆனால் குளிர்ச்சி இருந்ததேயன்றி நலம் இல்லை. மலைக்காய்ச்சல் அவர்களை அங்கும் விடவில்லை. காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதென்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினர். கொசுவே அதனைப் பரப்புகின்றது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். சிறுமலையின் உயரம் கொசுவைத் தடுக்கப் போதவில்லை என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் மேலே போகவேண்டும் என்பதே. முன்பே 1834இல் மதுரைச் சப்கலெக்டர் ராட்டன் என்பவர் செண்பகனூரில் ஒரு சிறு பங்களா கட்டியிருந்தார். ராபர்ட் வைட் என்னும் தாவர நூலறிஞர் 1836இல் வந்து செடிகொடிகளைத் திரட்டிப்போயிருந்தார். அவ்வழியைப் பற்றிச் சென்ற அமெரிக்கர் 1845இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினர். நகரத்தின் தொடக்கம் அதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் நன்று. உதகமண்டலம் அரசாங்கத்தின் கைவண்ணம். கோயமுத்தூர்க் கலெக்டர் சலிவன் அதனை அமைத்தார்; பின்னர் சென்னை அரசாங்கமே கோடைதோறும் அங்கே குடிபெயர்ந்தது. கோடைக்கானலோ நோய்க்கு அஞ்சி ஓடிவந்த குடும்பங்களின் புகலிடம். உதகைக்கு அதிகாரம் சென்றது. கோடைக்கு அச்சம் சென்றது என்பேன். ஆகவேதான் அதன் பழைய வீடுகளில் ஆடம்பரம் குறைவு.

ஆனால் ஏறுவது எளிதன்று. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு இரயில் வந்த பிறகும், அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் ஆடி அசைந்து பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தை அடையவேண்டும். விடியுமுன் ஏறத் தொடங்கவேண்டும். நடக்க வல்லவர் நடப்பர். குதிரை ஏறுவோர் சிலர். பெண்டிரும் பிள்ளைகளும் நோயாளிகளும் டோலியில் செல்வர். அந்த டோலியைத் தோளில் சுமந்தவர் நம் ஊர்க் கூலியாட்கள். மேசை, நாற்காலி, கண்ணாடிச் சன்னல், இசைப்பெட்டி எல்லாம் அவர்கள் தலைமீதே ஏறின. அந்நாளைய வீடுகளின் பெயர்கள் எல்லாம் எழுதிவைக்கப்பட்டுள்ளன. சுமந்தவர் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. வரலாறு எழுதுவோர் பலர் இப்பாதையை இயற்கை அழகுக்காக வருணிப்பர். எனக்கு அந்தத் தோள்களே நினைவுக்கு வருகின்றன.

வந்தவர்களுள் சிலர் ஊரை மாற்றினர். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ் 1863இல் சதுப்பு நிலத்து ஓடைகளுக்கு அணைகட்டி ஏரியை உண்டாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி இயற்கையானது என்றே பலர் இன்றும் நினைக்கின்றனர். அதிலிருந்து வழியும் நீரே கீழே வெள்ளியருவியாக விழுகின்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் முதுமையில் இளைப்பாற இங்கே வந்து 1891இல் இங்கேயே உயிர் நீத்தார். அவர் உடல் மலையிறக்கப்பட்டு இடையன்குடியில் அடக்கம் பெற்றது. பல்லாண்டுகள் அவர் வாழ்ந்த ஊர் அது. ஓய்வுக்கு ஓர் ஊர், உறவுக்கு ஓர் ஊர் என்பது இதனால் விளங்கும்.

1899இல் கோடைக்கானலுக்கு நகராட்சிக் குழு அமைந்தது. அவ்வாண்டிலேயே சூரிய ஆராய்ச்சி நிலையமும் சென்னையிலிருந்து இங்கே வந்தது. அதன் பின்னணியில் ஒரு துயரம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் தொடர்புண்டா என்று ஆராயவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. தெளிந்த வானம் தேடி மலைக்கு வந்தனர். எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1901இல் மார்கரெட் எடி என்னும் அமெரிக்க அம்மையார் மிஷன் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். இப்பொழுது கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என வழங்குவது அதுவே. பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பல ஆண்டுகள் காணாமல் தவித்த தாய்மார்க்கு அது பெரும் ஆறுதலாயிற்று. பள்ளி வந்த பிறகே கோடைவாசிகள் ஆண்டு முழுவதும் வாழும் குடிகளாயினர். ஓர் ஊர் காணும் ஊரா, வாழும் ஊரா என்றறிய அங்கே பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டாலே போதும்.

1914ஆம் ஆண்டளவில் லா என்னும் இராணுவ அதிகாரி வகுத்த மலைப்பாதை வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. டோலிகள் மறைந்தன, மோட்டார்கள் ஏறின. காண வருவோர் தொகை பெருகிற்று. 1936இல் இலங்கைப் பெருமகன் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியார் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. ஆயினும் குறிஞ்சி பூத்த புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தைலமரமும் சீகையும் மூடிவிட்டன. விறகுக்கும் பட்டைக்கும் நன்மை என்று நட்ட மரங்களே அவை.

அமெரிக்கத் தொடர்பின் கடைசிப் பகுதி மகிழ்ச்சி தருவதன்று. நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் நகரம் உள்ளது. அங்கே இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பொறிகள் 1983இல் கப்பலேறிக் கோடைக்கானலுக்கு வந்தன. நடத்தியது சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாம்பார்ச் சோலையை ஒட்டி ஆலை அமைந்தது. மலையில் வேலை அரிது. உள்ளூர் இளைஞர் மகிழ்ந்து சேர்ந்தனர். செய்த வெப்பமானிகளிற் பெரும்பாலானவை அயல்நாடு சென்றன. உடைந்த கண்ணாடியும் பாதரசமும் இங்கே தங்கின. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் குவியல் கண்டெடுக்கப்பட, ஊரார் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் வாதிட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. காண வந்த எவரும் அவ்வாலையைக் கண்டதில்லை. நோயிலிருந்து தப்ப அமெரிக்கர் தேடிய மலைக்கு, அமெரிக்க நகரொன்றின் பொறிகளோடு நோய் வந்ததே என்று எண்ணுந்தோறும் என் மனம் வருந்துகின்றது.

2011 கணக்கெடுப்பின்படி இந்நகரின் மக்கள்தொகை 36,501. விடுமுறை நாட்களில் வண்டிகளின் நெரிசல் பெருகவே, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் மின்னனுமதிச் சீட்டு முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கும் விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் அவ்வரம்பு இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு மூட்டைகள், குழந்தை வேலப்பர் கோயில் கொண்ட பூம்பாறையிலிருந்து, வரிசையில் நிற்கும் சுற்றுலா வண்டிகளைக் கடந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன.