ஸிஹானூக்கின் ஐந்தொகை

நரோதம் ஸிஹானூக்கைப் பற்றி எழுதுகிறவர்களுக்குக் கயிற்றின் மேல் நடக்கிறவன் என்ற உவமை சுலபமாகக் கைக்குக் கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் அமெரிக்கா, இன்னொரு பக்கம் சீனாவும் ரஷ்யாவும், நடுவில் மூங்கில் கழியோடு சிரித்த முகமாய் ஓர் இளவரசர். சில வருஷங்களுக்கு முன் நானும் இதே உவமையைச் சொல்லி, அரசியலில் ஒரு கலைஞன் புகுந்தால் இப்படித்தான் இருப்பான் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவில் நின்று கழைக்கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கயிற்றின் மேல் நடப்பது குடும்பத் தலைவன் அல்ல. அவன் கீழே நின்று மேளம் தட்டுகிறான். மேலே நடப்பது அவனுடைய பெண்குழந்தை.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'சி.ஐ.ஏ.யுடன் என் யுத்தம்' என்ற அவருடைய புத்தகத்தைச் சமீபத்தில் மறுபடி படித்ததுதான் இதற்குக் காரணம். 1973-ல் வெளிவந்தது. பதவி பறிபோய் பீக்கிங்கில் இருந்தபோது ஸிஹானூக் சொல்லச் சொல்ல, ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வில்ஃப்ரெட் பர்ச்செட் எழுதியது. இதில் பேசுகிற 'நான்' விசித்திரமான பிறவி. நடுநிலைமையைக் காப்பாற்றியது நான், அதைக் கெடுத்தது சதிகாரர்கள் என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. சதி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது. ஆனால் சதியைக் கழித்துவிட்டால் பாக்கிக் கணக்கு நேராகிவிடுமா? நாள் முழுதும் பற்று வரவு பார்த்துப் பிழைக்கிறவனுக்கு, இரண்டு பக்கமும் ரொம்பச் சுத்தமாக ஒரே தொகையில் வந்து நின்றால் முதலில் சந்தேகம்தான் வரும்.

1941-ல் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பதினெட்டு வயதில் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள், சொன்னபடி கேட்கும் பையன் என்று. 1953 நவம்பரில் அந்தப் பையன் அவர்களிடமிருந்தே சுதந்திரத்தை வாங்கிவிட்டார். 1955-ல் கிரீடத்தைத் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டுச் சொந்தமாக இயக்கம் ஒன்றை ஆரம்பித்துத் தேர்தலில் எல்லா இடங்களையும் பிடித்தார். மகன் அப்பாவுக்குப் பட்டம் கட்டின கதை புராணங்களில்கூட அபூர்வம். அதே வருஷம் பாண்டுங் மாநாட்டில் சூ என்-லாயின் நட்பு. அதே வருஷம் அமெரிக்காவோடு ராணுவ உதவி ஒப்பந்தம். ஸீட்டோ ராணுவக் கூட்டின் குடை மட்டும் வேண்டாம் என்றார்.

இந்தச் சமநிலை வெறும் பேச்சு அல்ல. ப்னோம்பென்னிலிருந்து கடலுக்குப் போகிற சாலை அமெரிக்கர்கள் போட்டது. சாலை முடிகிற இடத்தில் இருக்கும் துறைமுகம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது; அதற்கு ஸிஹானூக்வில் என்று பெயர். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ரஷ்யாவின் அன்பளிப்பு. ஒட்டுப்பலகை, காகிதம், துணி, சிமெண்டு ஆலைகள் சீனாவுடையவை. ஒரு சின்ன நாடு எல்லோருடைய பெருமையையும் சுண்டிவிட்டு எல்லோரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. 1958 ஜூனில் தெற்கு வியட்நாம் ராணுவம் ஸ்டங் ட்ரெங் மாகாணத்துக்குள் புகுந்து எல்லைக் கல்லை நகர்த்தி நட்டது. அமெரிக்கர்கள் கொடுத்த ஆயுதத்தை எடுத்துத் திருப்பி அடிக்கலாமா என்றால், கூடாது, அது கம்யூனிஸ்டுகளை எதிர்க்க மட்டும்தான் என்று பதில் வந்தது. அடுத்த மாதமே அவர் மக்கள் சீனத்தை அங்கீகரித்தார். ராஜதந்திரம் என்றால் இதுதான். இதில் எனக்கு இன்றும் அபிப்பிராய பேதம் இல்லை.

இதற்குப் பழி வாங்கவும் செய்தார்கள். 1959 பிப்ரவரியில் ஸீம் ரீப் கவர்னர் தாப் சுவானின் கலகத் திட்டம் பிடிபட்டபோது தங்கக் கட்டிகளும் ரேடியோக் கருவிகளும் அகப்பட்டன; அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த சி.ஐ.ஏ. ஆள் ஒருவருக்கு அதில் தொடர்பு இருந்தது. அதே ஆகஸ்டில் அரண்மனைக்கு வந்த பரிசுப் பெட்டி ஒன்று வெடித்து அங்கிருந்த அதிகாரி இறந்தார்.

1963-லிருந்துதான் வேறு ஏதோ ஆரம்பிக்கிறது. நவம்பர் 2-ந் தேதி ஸைகோனில் டியெம் கொல்லப்பட்டார், அமெரிக்கர்களின் சம்மதத்தோடு அவருடைய தளபதிகளே நடத்திய புரட்சியில். எஜமானரை நம்பினால் என்ன ஆகும் என்று ஸிஹானூக்குக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதமே அமெரிக்க உதவி வேண்டாம் என்று அறிவித்தார். பாங்குகளையும் வெளிநாட்டு வியாபாரத்தையும் அரசுடைமை ஆக்கப்போவதாகவும் சொன்னார். (அதைத் தொடர்ந்து ப்னோம்பென் பாங்கின் தலைவர் பெருந்தொகையோடு ஸைகோனுக்கு ஓடிப்போனார். இந்த மாதிரிச் செய்திகளை என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் இரண்டு தடவை படிப்பார்கள்.) வீரமான முடிவுதான். ஆனால் ராணுவச் செலவில் பெரும்பகுதி அந்தப் பணத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பதில் என்ன என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1965 மே மாதம் அமெரிக்காவோடு உறவே முறிந்தது.

பாங்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை விவரம் கிடைக்கும்வரை அதில் போட்டுவைப்போம். அன்றைய தினம் கணக்கு நேராகி, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தப்பில்லை, சீக்கிரம் தீர்த்துவிட்டால். தீர்க்காமல் வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் கிளையே அதில் முழுகிப்போகும். ஸிஹானூக்கின் கிழக்கு எல்லை அப்படி ஒரு கணக்கு. வியட்நாம் கம்யூனிஸ்டுகள் அங்கே முகாம் போட அனுமதித்தார். ஸிஹானூக்வில் துறைமுகம் வழியாகச் சீன ஆயுதங்கள் அவர்களுக்குப் போயின. அவற்றில் ஒரு பங்கைக் கம்போடிய ராணுவமே எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ஹானோய் 1967-ல் கம்போடிய எல்லையை அங்கீகரித்தது. வெளியே கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை.

ஏட்டில் எழுதாத செலவை யாரோ கொடுத்துத்தான் ஆகவேண்டும். எல்லையில் இருந்தவர்கள் நெல்லுக்கு அரசாங்கத்தைவிட நல்ல விலை, அதுவும் டாலரில், கொடுத்தார்கள். நெல் கிழக்கே போயிற்று. கம்போடிய அரசின் முக்கிய வருமானம் அரிசி ஏற்றுமதி வரி, அது சுருங்கிவிட்டது. 1967 ஆரம்பத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்களை அனுப்பி அரசாங்க விலைக்கு நெல்லைப் பிடுங்கினார்கள். ஏப்ரலில் பட்டாம்பாங் மாகாணத்து ஸம்லாட்டில் விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள். கிராமங்கள் கொளுத்தப்பட்டன, ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். வாஷிங்டனுக்கும் பீக்கிங்கிற்கும் நடுவில் நடந்த வித்தையில் ஸம்லாட் விவசாயிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. விழுந்தது அவன்தான்.

அந்த வருஷங்களில் இளவரசர் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார். 1966-ல் 'அப்ஸரா', 1968-ல் 'அங்கோர் மேல் நிழல்' (தாப் சுவான் சதிக் கதை இதில்தான்), 1969-ல் 'அந்தி'. எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்தும் இருக்கிறார். அரச குடும்பத்தினரையும் தளபதிகளையும் நடிக்க வைத்தார். ப்னோம்பென்னில் அவரே நடத்திய திரைப்பட விழாவில் அவர் படத்துக்கே பரிசு. இதையெல்லாம் ஒரு ரசனையுள்ள மனிதனின் சிறுபிள்ளைத்தனம் என்று ரசித்தவன் நான். ஆனால் இதற்கெல்லாம் முன்பே திரையரங்குகளில் வேறொரு படம் காட்டப்பட்டிருக்கிறது. அரசுக்கு எதிரான கெமர் ஸெரே இயக்கத்தைச் சேர்ந்த ப்ரியாப் இன் என்பவரை 1964 ஜனவரியில் சுட்டுக் கொன்ற காட்சி. படம்பிடித்து, செய்திப் படமாக ஜனங்களுக்குக் காட்டினார்கள். கலைஞன்-அரசன் என்ற என்னுடைய தத்துவம் இந்த இடத்தில் நொறுங்கிப்போகிறது. நாட்டையே தன் படத்தின் பின்னணியாகப் பார்க்கிற கண் அது.

1968 வாக்கில் கணக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. கஜானா காலி, 1969-ல் தலைநகரத்தில் சூதாட்ட விடுதி திறந்தார்கள். அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ் 1968 ஜனவரியில் வந்து பேசினார். ஆள் இல்லாத எல்லைக் காடுகளில் வியட்நாமியர்களை அமெரிக்கர் துரத்திவந்தால் கண்டுகொள்ளமாட்டேன் என்ற தோரணையில் ஸிஹானூக் பேசியதை, குண்டு வீசக் கொடுத்த சம்மதம் என்று பின்னால் கிஸிங்கர் வியாக்யானம் செய்தார். ஸிஹானூக் கடைசிவரை மறுத்தார். 1969 மார்ச் 18-ந் தேதி பி-52 விமானங்கள் ஆரம்பித்து, பதினான்கு மாதங்களில் 3,600 தடவைக்கு மேல் வந்தன. இங்கே அமெரிக்கர்களும் ஒரு கணக்கு வேலை செய்திருக்கிறார்கள். ஏடுகளில் அத்தனை குண்டும் தெற்கு வியட்நாமில் விழுந்ததாகத்தான் இருந்தது. உண்மைத் தாள்களை எரித்துவிட்டுப் பொய் எண்களை எழுதி அனுப்புவது தன் வேலை என்று ராடார் நிலையத்தில் இருந்த மேஜர் ஒருவர் 1973-ல் ஸெனட்டில் வந்து சொன்னார். இரண்டு கட்சியும் ஒரே எல்லையை ஏட்டிலிருந்து நீக்கிவைத்திருந்தன. நடுவில் இருந்த கிராமங்கள் ஒருவர் புத்தகத்திலும் இல்லை. இப்படிக் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே, 1969 மத்தியில், அமெரிக்காவோடு உறவு மறுபடி ஒட்டவைக்கப்பட்டது.

சரியாக ஒரு வருஷம் கழித்து அதே மார்ச் 18-ந் தேதி. பிரான்ஸில் வைத்தியம் முடித்து, மாஸ்கோ வழியாக பீக்கிங் போகக் கிளம்பினார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கோஸிகின் சொன்னார், உங்கள் தேசிய சபை உங்களைப் பதவி நீக்கிவிட்டது என்று. லான் நால் அரசாங்கத்தை எடுத்துக்கொண்டார். பீக்கிங்கில் சூ என்-லாய் நாட்டுத் தலைவருக்கு உரிய மரியாதையோடு வரவேற்றார். ஐந்து நாள் கழித்து, 23-ந் தேதி, ஆயுதம் எடுங்கள் என்று அங்கிருந்து தன் ஜனங்களை அழைத்தார். யாரோடு சேர்ந்து? கெமர் ரூஜோடு. அந்தப் பெயரை வைத்தவரே இவர்தான். அவர்களைக் காட்டில் வேட்டையாடியதும் இவருடைய ராணுவம்தான். கொம்பாங் சாமில் அவருக்காக ஊர்வலம் போன விவசாயிகளை லான் நாலின் சிப்பாய்கள் சுட்டார்கள். மிச்சம் பேர் காட்டுக்குப் போனார்கள், மார்க்ஸுக்காக அல்ல, இளவரசருக்காக. சில ஆயிரம் பேராக இருந்த படை அவர் பெயரைச் சொல்லியே வளர்ந்தது. ரஷ்யா தன் தூதரகத்தை லான் நாலின் ப்னோம்பென்னிலேயே 1975 வரை வைத்திருந்தது. எதிரி வல்லரசுகள் இரண்டும் ஒரே ஊரில் சௌகரியமாக இருக்க, சமநிலை பார்த்தவர் வெளியே நின்றார்.

நான் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கோபமாகக் கேட்டார், அவர் வேறென்னதான் செய்திருக்க முடியும் என்று. நியாயமான கேள்வி. பக்கத்து லாவோஸின் நடுநிலைமைக்கு 1962-ல் ஜெனீவாவில் எல்லா வல்லரசுகளும் கையெழுத்துப் போட்டன. அந்தக் காகிதம் அதன் தலையில் விழுந்த ஒரு குண்டைக்கூடத் தடுக்கவில்லை. அமெரிக்காவோடு போன தாய்லாந்து தப்பித்தது, ஆனால் அதற்கு வியட்நாமோடு எல்லை கிடையாது. கம்போடியாவின் பதினேழு வருஷ அமைதியில் பெரும்பங்கு இந்த ஒரு மனிதரின் சாமர்த்தியம் என்பதை நான் மறுக்கவில்லை. 1970 மார்ச்சில் பிரான்ஸுக்கே திரும்பிப்போய் சாக்ஸஃபோன் வாசித்துக்கொண்டிருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. அதற்கு அவரால் முடியவில்லை. அவமானம். புத்தகத்தில் சி.ஐ.ஏ. என்ற சொல் வருகிற இடங்களிலெல்லாம் எனக்கு அந்த அவமானம்தான் கேட்கிறது.

1975 ஏப்ரல் 17-ல் ப்னோம்பென் விழுந்தது. ஜெயித்தவர்கள் நகரத்தைக் காலி செய்தார்கள், பணத்தை ஒழித்தார்கள், தேசிய பாங்கை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நோட்டுகள் தெருவில் கிடந்தன. செப்டம்பரில் ஸிஹானூக் திரும்பினார். 1976 ஏப்ரலில் பதவியை விட்டார். அதன் பிறகு மூன்று வருஷம் அரண்மனையிலேயே காவல். நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். அவருடைய பிள்ளைகள் ஐந்து பேரும் பேரக்குழந்தைகள் பலரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். மேளக்காரனின் சொந்தக் குழந்தை என்று ஆரம்பத்தில் எழுதியபோது இதை நினைத்து எழுதவில்லை.

1979 ஜனவரியில் வியட்நாம் ராணுவம் நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பு கெமர் ரூஜ் அவரைச் சீன விமானத்தில் ஏற்றி பீக்கிங் வழியாக நியூயார்க்குக்கு அனுப்பியது. பாதுகாப்பு சபையில், தன்னைச் சிறை வைத்த அரசாங்கத்தின் சார்பில், அவர் பேசினார். சில நாட்களுக்குள், தன்னைக் காப்பாற்றச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டை எழுதிக் காவலுக்கு நின்றவரிடம் கொடுத்தார். காவலர் அமெரிக்கர்.