பாதுகாப்புச் சட்டம் இருந்தும் பறிபோன வாக்கு

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றுகூட இல்லை. ஐந்து வருசத்துக்குள்ள மலையக மக்கள் மனம் மாறிட்டாங்களா? இல்லை. வாக்காளர் இடாப்பில் அவங்கட பெயர்களே இருக்கவில்லை.

சிறுபான்மையைப் பாதுகாக்கச் சட்டம் இல்லாததால்தான் இது நடந்தது என்று பலர் நினைக்கிறோம். ஆனால் சட்டம் இருந்தது. ஒரு சமூகத்தின் மீது, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது.

அப்ப எப்படிப் பறித்தார்கள்? இரண்டு படியில். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். லயத்தில் பிறந்த ஒரு தொழிலாளி பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? பிறகு 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. இரண்டிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை.

இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. மறைமுகமாகப் பாகுபாடு காட்டும் சட்டமும் இருக்கலாம் என்று 1953 தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் இது அப்படியானதல்ல, தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது.

'அது நியாயம்தானே, எந்த நாடும் அதைச் செய்யலாமே' என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் இவர்கள் நேற்று கப்பலில் வந்திறங்கியவர்கள் இல்லை. 1947இல் வாக்குப் போட்டவர்கள். புதிதாக வருபவருக்கு உரிமை கொடுக்காமல் விடுவது வேறு, இருப்பவரிடமிருந்து பிடுங்குவது வேறு. இன்னொன்றும் இருக்கு. வாக்கு போன பிறகும், தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகைக் கணக்கில் அவர்களையும் எண்ணினார்கள். அவர்களுடைய தலைக்கணக்கால் கூடிய ஆசனங்களுக்கு மற்றவர்கள் வாக்களித்தார்கள்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரின் கதி பிறகு பார்ப்போம் என்று விடப்பட்டது. அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கக்கூடாது என்று 1870இலேயே அரசியலமைப்பில் எழுதினார்கள். தென் மாநிலங்கள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், எழுத்தறிவுச் சோதனையும் தேர்தல் வரியும் வைத்துக் கறுப்பின மக்களைத் தடுத்தன. 1965 வாக்குரிமைச் சட்டம்தான், அப்படியான மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றமுன் மத்திய அரசின் அனுமதி பெறவேண்டும் என்றது. 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டது.

எங்கட நாட்டு நிலைமை என்ன? 29ஆம் பிரிவை 1972 யாப்பு கைவிட்டது. இப்போதுள்ள யாப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுப்படுத்திய ஒரு சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் மட்டும்தான் வழக்குப் போடலாம். கோடகன் பிள்ளை தோற்றாலும் வழக்காட அவருக்கு ஓர் இடம் இருந்தது. இன்று அதே சட்டம் நிறைவேறினால், இடாப்பில் பெயர் இல்லை என்று தெரியவரும் நாளில் நீதிமன்றக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும்.

ஆகவே புதிய யாப்பு என்ற பேச்சு வரும்போது நாங்கள் இரண்டு விசயம் கேட்கவேண்டும். நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் பரிசீலிக்க வழி வேண்டும். சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயர் இருக்கு என்பதை விட, அதனால் யாருடைய பெயர் இடாப்பிலிருந்து போகிறது என்பதைப் பார்க்கும் விதி வேண்டும்.