கதீட்டர் முனையும் பதினைந்து காலனிகளும்

மைய நாளக் கதீட்டர் பொருத்தியவருக்குக் காய்ச்சல் கண்டால், அதை உருவி, முனையை வெட்டி, ஆய்வகத்துக்கு அனுப்புவது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பழகிப்போன செயல். ‘வளர்ச்சி உண்டு’ என்று அறிக்கை வந்துவிட்டால், ஆன்டிபயாடிக்கைத் தொடங்கப் பலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. அதே வேளையில் நோயாளியின் இரத்தமும் கல்ச்சருக்குப் போனதா என்ற கேள்வி எழாமலே போகிறது. இரத்தக் கல்ச்சர் துணையில்லாத முனையை ஆய்வகம் சோதிக்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு.

முன்பெல்லாம் முனையைத் திரவ ஊடகத்தில் போட்டு வைப்பார்கள். உருவும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு பாக்டீரியா கூடப் பெருகி அந்தத் திரவத்தைக் கலக்கிவிடும். கலங்கல் ஒட்டியதைச் சொல்கிறதா, தொற்றைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. டென்னிஸ் மாக்கியும் அவருடைய உடனாய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட முறை இங்கேதான் எண்ணிக்கையைக் கொண்டுவந்தது. கடைசி 5 செ.மீ. துண்டை இடுக்கியால் பிடித்து, இரத்த அகார் தட்டின் மேல் முன்னும் பின்னுமாகச் சில முறை உருட்ட வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் காலனிகள் முளைத்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். செலவு குறைவு, கருவி எதுவும் தேவையில்லை. உலகெங்கும் அது நிலைத்ததில் வியப்பில்லை.

ஆனால் உருட்டும்போது தட்டில் படுவது குழாயின் வெளிப்புறம் மட்டுமே. இசாம் ராத் குழுவினர் 1993இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டியது இங்கே முக்கியம்: பத்து நாளுக்குள் எடுத்த குழாய்களில் உயிர்ப்படலம் பெரும்பாலும் வெளிச்சுவரில் படிந்திருந்தது, முப்பது நாளைக் கடந்தவற்றில் உட்சுவரே மிகுதியாகப் பீடிக்கப்பட்டிருந்தது. தோல் துளை வழியே கிருமி ஏறுவது முதல் வகை. மருந்தேற்றும் இணைப்பைக் கைகள் திரும்பத் திரும்பத் தொடுவதால் உள்ளே இறங்குவது இரண்டாம் வகை. மாதக்கணக்கில் டயாலிசிஸ் குழாயோடு வாழ்பவரின் முனையை உருட்டிப் பார்த்து ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதினால், அது உட்சுவரைப் பார்க்காமல் தந்த விடை. ஒலியலைகளால் அதிர வைத்துக் கிருமிகளை உதிர்க்கும் முறை இரு சுவர்களையும் எட்டும். அதற்கான வரம்பு 100 காலனிகள்.

எந்த முறையானாலும் எண்ணிக்கை சொல்வது குழாயில் கிருமி குடியேறியதை மட்டுமே. குடியேற்றம் வேறு, இரத்தத் தொற்று வேறு. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2009 வழிகாட்டி, தோல் வழியே எடுத்த இரத்தத்திலும் முனையிலும் ஒரே கிருமி வளர வேண்டும் என்கிறது. தொற்று ஐயம் இல்லாமல் கழற்றிய குழாய்களை வழக்கமாகச் சோதிக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. குழாயைக் கழற்றாமலே அறியவும் வழியுண்டு: குழாய் வழியாகவும் கைநாளத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து, முன்னது 120 நிமிடமேனும் முந்தி வளர்ந்தால், தொற்றின் ஊற்று குழாய்தான் எனக் கொள்ளலாம்.

இரத்தக் கல்ச்சரில் வளர்ச்சி தெரிந்த பிறகே முனையைச் சோதிக்கலாம் என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. காரணம் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். முனையில் அது வளர்ந்து இரத்தம் தூய்மையாக இருந்தாலும், பின்னர் இரத்தத்தில் அது தலைகாட்டும் ஆபத்து உண்மையானது. அத்தகையவருக்குச் சிகிச்சை தொடங்குவதே நல்லது. ஆகவே இரத்தத்தோடு வந்த முனையை அன்றே உருட்டுங்கள். தனியே வந்ததை வீசிவிடாமல் குளிர்பெட்டியில் வைத்து, இரத்த மாதிரி கேட்டு வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.