இதய வால்வு மாத்தியாச்சு... அப்புறம் ஏன் இத்தனை கவனம்?

"ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

இதய வால்வு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

பழுதான வால்வை மாற்றினால் மூச்சுத் திணறல் குறையும், நடமாட்டம் எளிதாகும். ஆனால் புதிய வால்வோடு சில புதிய ஆபத்துகளும் வருகின்றன. அவற்றின் அறிகுறிகளை முதலில் கவனிக்கக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

எந்த வகை வால்வு?

இதயத்தில் 4 வால்வுகள் உள்ளன. அவை நாள்தோறும் சுமார் 100,000 முறை திறந்து மூடுகின்றன. பழுதானால் அதற்குப் பதிலாக 2 வகை வால்வுகளில் ஒன்றைப் பொருத்துவார்கள்.

- இயந்திர வால்வு: நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதன்மீது ரத்தம் உறையக்கூடும். அதனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை தேவை.

- திசு வால்வு: மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்யப்பட்டது. பலருக்கு வார்ஃபரின் சில மாதங்களுக்கு மட்டும் போதும். ஆனால் 10 முதல் 20 ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம்.

ஐஎன்ஆர் என்றால் என்ன?

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண். வார்ஃபரின் எடுக்காதவருக்குச் சுமார் 1. இயந்திர வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை அல்லது 2.5 முதல் 3.5 வரை இருக்கவேண்டும். சரியான இலக்கை மருத்துவர் சொல்வார்.

எண் குறைந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

"கீரையே சாப்பிடக் கூடாதா?"

சாப்பிடலாம். முருங்கைக்கீரை, பசலைக்கீரை, காய்லான் போன்றவற்றில் வைட்டமின் கே அதிகம்; அது வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். ஒரு வாரம் அறவே இல்லை, அடுத்த வாரம் தினமும் என்பதுதான் சிக்கல். அளவு சீராக இருந்தால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள்.

ஜின்செங், டாங் குவாய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். இபுபுரோஃபன் போன்ற வலி நிவாரணிகளைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு வேளை மாத்திரை மறந்துபோச்சா? அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது.

காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

செயற்கை வால்வில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அதன் முதல் அறிகுறி சில நாள் நீடிக்கும் காய்ச்சல், குளிர் நடுக்கம், களைப்பு. "சாதா ஃபுளூதான்" என்று வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். மருந்தகத்துக்குப் போனதும் "வால்வு மாத்தியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள்.

டெங்கியாக இருந்தாலும் அதே அவசரம்தான். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

பல் மருத்துவரிடமும் சொல்லவேண்டும். ஈறுகளைத் தொடும் சிகிச்சைக்கு முன் ஆண்டிபயாட்டிக் தேவைப்படலாம்.

குழந்தை பெற நினைக்கும் பெண்கள்

வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். அதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரிடம் பேசுவது நல்லது.

உடனே 995ஐ எப்போது அழைப்பது?

- முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது
- திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம்
- நிற்காத ரத்தக்கசிவு, கறுப்பு மலம், தலையில் பலத்த அடி

கால் வீக்கம், சில நாளில் 2 கிலோகிராம் எடை கூடுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இயந்திர வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்குவது... இவை தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வால்வின் வகை, ஐஎன்ஆர் இலக்கு, மாத்திரையின் அளவு, அடுத்த பரிசோதனை நாள். இந்த நான்கையும் உங்கள் கைத்தொலைபேசியில் குறித்துவையுங்கள். அவசரத்தில் மருத்துவர் கேட்கும்போது அப்பாவாலோ அம்மாவாலோ சொல்ல முடியாமல் போகலாம். உங்களால் முடியும்.